ஐந்து கையெழுத்துக் கஞ்சி

நான் யாரையும் பட்டினி போட நினைத்தவன் அல்ல. ஆனால் ஒருவரைப் போட்டிருக்கிறேன். காட்டிலோ சிறையிலோ அல்ல. டாக்டரும் நர்ஸும் சமையல்கட்டும் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில், நாளுக்கு மூன்று வேளை, முறைப்படி, ஐந்து பேர் கையெழுத்தோடு. அந்தக் கையெழுத்து முறையைக் கண்டுபிடித்தவனும் நானே. பட்டினி கிடந்தவர் என் அக்காவின் புருஷன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. இன்டர்மீடியட் பாஸ். இங்கிலீஷ் பத்திரிகையை வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிற பழக்கம் உண்டு (எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டும், வேறு நோக்கம் இல்லை). புதுக்கோட்டை ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் டயட் கிளார்க் வேலை கிடைத்தது. எந்தக் கட்டிலுக்கு என்ன சாப்பாடு என்று வார்டில் கேட்டு எழுதி, சமையல்கட்டில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். என் அப்பா மட்டும், "பய ஆஸ்பத்திரில பெரிய டாக்டருக்கு அடுத்தபடி" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை.

நான் சேர்ந்தபோது அங்கே சாப்பாட்டு விஷயம் வாய்வார்த்தையில் நடந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் காலையில் ஒன்று சொல்வார். நர்ஸ் அருளம்மாள், ஆவூர்க்காரர், வார்டையே தன் வீடு மாதிரி நடத்துகிறவர், மத்தியானம் அதை மாற்றிச் சொல்வார். கம்பவுண்டர் சீனிவாசன் மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். சமையல்காரர் முத்தையா மூன்றையும் கேட்டுக்கொண்டு, தனக்குத் தோன்றியதை ஆக்குவார். சண்டை வரும். சண்டையின் முடிவில் யாராவது ஒருவர் கட்டிலுக்குப் போய், "ஒனக்கு என்னய்யா எறங்குது?" என்று நோயாளியையே கேட்பார். அதோடு விஷயம் தீர்ந்துவிடும். இன்று யோசித்தால் அது அப்படியொன்றும் மோசமான ஏற்பாடு அல்ல. அன்று எனக்கு அது நாகரிகக் குறைவாகப் பட்டது.

ஆகவே ஒரு சீட்டுத் தயாரித்தேன். அட்டை போன்ற தடித்த தாள். இடப்பக்கம் உணவின் பெயர்கள்: கஞ்சித் தண்ணீர், பால், மோர், சோறு, ரொட்டி, பருப்பு, முட்டை, பழச்சாறு. வலப்பக்கம் ஐந்து கட்டங்கள்: டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், சமையல், கிளார்க். ஒரு பொருள் சமையல்கட்டை விட்டு வெளியே வர வேண்டுமானால் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கலாம். இழுத்த கோட்டை இழுத்தவரேதான் எடுக்க வேண்டும். சீட்டு கட்டிலின் கால்மாட்டில் தொங்கும்.

கொடுக்க ஐந்து பேர் வேண்டும், நிறுத்த ஒருவர் போதும். இதை எழுதி முடித்த அன்று நான் கண்ணாடியில் என் முகத்தை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

சீட்டு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "இனிமே எவனும் என் தலைய உருட்ட முடியாதுல்ல?" என்று கேட்டு முத்தையா சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார். அருளம்மாள், "நல்லதுங்க, யாரு சொன்னாங்கன்னு எழுத்துல இருக்கும்" என்றார். கம்பவுண்டர் தன் கட்டத்தில் எல்லோரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் சண்டை நின்றது. சண்டையோடு பேச்சும் நின்றது. அதை நான் அமைதி என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் மச்சான் வந்து சேர்ந்தார்.

மச்சான் ராமையா திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. நல்ல ஆகிருதி. கட்டுமாவடியிலிருந்து கருவாட்டு வண்டி வரும் நாளில் வயலுக்குப் போகமாட்டார். விருந்தில் அவர் இலைக்கு எதிரே உட்கார மற்றவர்கள் கூச்சப்படுவார்கள். வாய் அதைவிடப் பெரிது. என்னை முதன்முதலாக ஆஸ்பத்திரி உடுப்பில் பார்த்தபோது, "மாப்ளே, கோட்டு ஒன்னோடதா, இல்ல செத்தவன் எவனும் விட்டுட்டுப் போனதா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அப்போது அவருக்குக் கடுமையான ஜுரம். டைபாய்டு.

"தம்பி இருக்குற ஆஸ்பத்திரி, பயமில்ல" என்று சொல்லித்தான் அக்கா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரிய டாக்டர் பார்த்தார். டைபாய்டில் குடல் புண்ணாக இருக்கும், கெட்டியாக எதுவும் போகக் கூடாது என்று சொல்லிச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் கோடு இழுத்தார். சரியான கோடு. பாலும் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் பழச்சாறும் நடந்தன. ஒரு வாரம் கழித்துத் தெற்கே கிராமங்களில் காலரா என்று பெரிய டாக்டர் ஊசி போடும் கேம்புக்குப் போனார். போனவர் ஒரு மாதத்துக்கு மேல் வரவில்லை; டாக்டர் கட்டத்தில் சின்ன டாக்டர் கையெழுத்துப் போட்டுவந்தார்.

அவர் போன மறுநாள் மச்சானுக்கு வயிறு பொருமியது. அருளம்மாள் பாலுக்குக் கோடு இழுத்தார். சரியான கோடு. கம்பவுண்டர், பெரிய டாக்டர் எழுதிவிட்டுப் போன மிக்சர் மருந்தோடு புளிப்பு சேராது என்று மோருக்கும் பழச்சாற்றுக்கும் கோடு இழுத்தார். அவர் படித்த புத்தகப்படி அதுவும் சரி. அந்த வாரம் சமையல்கட்டுக்கு வந்த பருப்பு பழைய பருப்பு. எத்தனை விறகு வைத்தாலும் வேகவில்லை. "வேகாத பருப்புக்கு நான் கைநாட்டு வைக்கமாட்டேன், குடல் நோவுக்காரன் வயித்துல கல்லாக் கெடக்கும்" என்று முத்தையா தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பு மையைத் தொட்டார். அதுவும் சரி.

மிச்சம் இருந்தது முட்டை. ஜுரம் தணியத் தொடங்கியதும் அரைவேக்காட்டு முட்டை கொடுக்கலாம்; அதற்கு யாருடைய கோடும் இல்லை. அந்தக் கோட்டை நான் இழுத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யுத்தகாலத்தில் முட்டை ஸ்பெஷல் டயட். கிளார்க் தன் மச்சானுக்கு ஸ்பெஷல் எழுதினான் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிட்டால் என் நேர்மை என்னாவது? யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே நான் பதில் எழுதி வைத்துவிட்டேன். (என் நேர்மையால் அந்த ஆஸ்பத்திரியில் துன்பப்பட்ட ஒரே மனிதர் மச்சான்தான்.)

ஆக, எட்டுப் பெயர்களில் ஏழின் மேல் சிவப்புக் கோடு. கஞ்சித் தண்ணீர் மட்டும் கறை படாமல் நின்றது. வெள்ளை வெளேரென்று மில்லில் தீட்டிய அரிசியில் வடித்த தண்ணீர், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. ஐந்து கையெழுத்துகளோடு அது மூன்று வேளையும் தவறாமல் போனது.

ஜுரம் விட்டது. பசி வந்தது.

"மாப்ளே, நேத்து கஞ்சில ஒரு பருக்கை கெடந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. பயந்துக்கிட்டே முழுங்கிட்டேன்" என்றார் மச்சான். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு முத்தையாவிடம் போய், கஞ்சியை நன்றாக வடிகட்டச் சொன்னேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றும் நிதானமாக எழுத முடியாத பகுதி. ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள்.

அருளம்மாள் வந்தார். "தம்பி, அன்னைக்கு ஒரு நாள் பொருமுச்சுன்னுதான் பாலை நிறுத்தினேன். இப்பக் குடுக்கலாம். ஆனா அந்த மிக்சராலயும் பொருமியிருக்கலாம்; கம்பவுண்டர் அதை நிறுத்தாம நான் கோட்டை எடுத்து, திரும்பப் பொருமுச்சுன்னா என் தலைலல்ல விடியும்?"

கம்பவுண்டர் வந்தார். "அந்த ஆளுக்கு இப்ப மிக்சரே வேண்டாம்யா. ஆனா எழுதினவர் பெரியவர். அவர் எழுதினதை நிறுத்த நான் யாரு?"

பெரியவர் இல்லாத நாட்களில் வார்டைப் பார்த்துவந்த சின்ன டாக்டர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "ஜுரம் விட்டுப் பத்து நாளாச்சு. குழைய வடிச்ச சோறு குடுக்கலாம்தான். பெரியவர் கோடு போட்டுட்டுப் போயிருக்காரே. வரட்டும்."

முத்தையா சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னார். "புதுப் பருப்பு வந்துருச்சு தம்பி, வெண்ணெயா வேகுது. எனக்குக் குடுக்கச் சம்மதம். மத்தவுக ஒண்ணும் எடுக்காம நான் மட்டும் எடுத்தா, சமையக்காரன் டாக்டராயிட்டான்னு பேசமாட்டாகளா?"

நான்கு பேருக்கும் நோயாளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான்கு பேரும் தனித்தனியாக அதை என்னிடம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் தெரிவித்திருந்தால் போதும். தெரிவிக்கச் சீட்டில் கட்டம் இல்லை. பின்னாளில் முப்பது வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அதுபோல் ஒரு செய்தி முழுசாக, நான்கு பக்கச் சாட்சியோடு, என்னைத் தேடி நடந்து வந்ததில்லை. அன்று அது செய்தி என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: "சீட்டுல எழுதிக் குடுங்க."

ஒருநாள் காலை அக்கா ஒரு தூக்குச்சட்டியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். நான்தான் எதிரில் வந்தேன்.

"என்னக்கா இது?"

"கோழிச் சாறுடா. மொளகு மட்டும் தட்டிப் போட்ருக்கேன், காரமே இல்ல. அந்த நர்ஸம்மாதான் கண்ணைக் காட்டுச்சு, கொண்டாந்து குடுங்கன்னு."

"வெளிச் சாப்பாடு உள்ள விடக் கூடாதுக்கா. அது சட்டம்."

"நீதானடா உள்ள இருக்க?"

"அதுனாலதான் கூடாது."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "அவுகளுக்குத் தெம்பே இல்லடா தம்பி. நேத்து என்னைய வையக்கூட இல்ல. நான் அங்கிட்டு நிக்கிறேன், இங்கிட்டு நிக்கிறேன், ஒரு வார்த்தை வையல."

"தெம்பு வரும்க்கா. முறைப்படி வரும்."

அவள் திரும்பிப் போனாள். கோழிச் சாறு அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் வீணாகாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. பார்த்துக்கொண்டவன் நான். மிளகு அளவாகத்தான் இருந்தது.

அதே வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். தலைப்பாகை, கைத்தடி, பின்னால் நோட்டுப் புத்தகம் சுமந்த குமாஸ்தா. மச்சானின் கட்டிலருகே வந்தவர் சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கழற்றிக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து கையெழுத்து, வரிசை வரிசையாக, ஒருநாள் விடாமல்.

"இத்தனை பேர் சேர்ந்து ஒரு நோயாளியைக் கவனிக்கிறதை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார். எனக்குக் காது சூடாயிற்று. பிறகு மச்சானிடம் குனிந்து, "என்னப்பா, சாப்பாடெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார்.

மச்சான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். "சீட்டு ஒழுங்கா வருதுங்க."

அதிகாரி சிரித்தார். மச்சான் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "அதையே நாலாக் கிழிச்சுக் குடுத்தாகன்னாக்கூடத் தின்னுருவேனுங்க. கெட்டித் தாளு."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அருளம்மாள் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். 'நோயாளி உற்சாகமாக இருக்கிறார்' என்று நோட்டுப் புத்தகத்தில் ஏறியது.

இரண்டு நாள் கழித்து உற்சாகமான நோயாளி கட்டிலிலிருந்து இறங்க முயன்றார். கொஞ்ச நாளாகவே கெண்டைக்கால் வலிக்கிறது, பாதம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்; படுத்தே கிடப்பதால் என்று நினைத்தோம். அன்று கால்களைத் தரையில் ஊன்றியவர், "மாப்ளே, தரை எங்கடா இருக்கு? பஞ்சுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஓர் அடி எடுத்து வைத்தார். பாதம் மேலே எழவில்லை. விரல்கள் தரையில் இழுபட்டன. அடுத்த அடியில் விழுந்தார். அத்தனை பெரிய மனிதர் விழுந்ததற்குச் சத்தமே கேட்கவில்லை. உடம்பில் அவ்வளவு மிச்சமில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் கேம்பிலிருந்து திரும்பினார். கெண்டைக்காலை அழுத்தினார்; மச்சான் அலறினார். முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் அசையவில்லை. சீட்டை எடுத்தார். அதை அவர் படித்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"தீட்டின அரிசி வடிச்ச தண்ணி. ஒரு மாசம். வேற ஒண்ணுமே இல்லை?" என்றார்.

ஒவ்வொருவரும் தத்தம் கோட்டைக் காட்டினோம். காரணம் சொன்னோம். எல்லாக் காரணங்களும் நன்றாக இருந்தன.

"பெரிபெரி. அரிசியோட தவிட்டுல இருக்கிற சத்து உள்ள போகாம நரம்பு கெட்டுப்போச்சு" என்றார் டாக்டர். பிறகு முத்தையா பக்கம் திரும்பினார். "நம்ம நெல்லை மில்லுல குடுத்துத்தானே அரிசியாக்குறோம்? தவிடு மூட்டை திரும்பி வருமே, அது எங்க?"

முத்தையா தலை குனிந்து, "ஆட்டுக்குங்க" என்றார்.

சமையல்கட்டுக்குப் பின்னால் அவருடைய ஆடு கட்டியிருந்தது. அந்த யுத்த வருஷத்தில் அப்படிக் கொழுத்த ஆட்டைப் புதுக்கோட்டையில் நான் பார்த்ததில்லை. மச்சானின் கால் முழுதும் அந்த ஆட்டின் உடம்பில் இருந்தது.

"இந்த ஒரு கட்டிலுக்கு அஞ்சு பேர் வந்து போயிருக்கீங்க. ஒரு நாளாவது அஞ்சு பேரும் சேந்து நின்னு பேசினீங்களா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

அருளம்மாள்தான் சொன்னார்: "சீட்டு இருந்துச்சுங்களே, சார்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சீட்டின் மேல் வரியில் விரலை வைத்து, "முதல் கோடு என்னுது. எப்ப எடுக்கணும்னு யார்கிட்டயும் சொல்லாம போயிட்டேன்" என்றார். சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அங்கேயே, கட்டிலைச் சுற்றி நின்று பேசினோம். கம்பவுண்டர் மிக்சரை நிறுத்தினார். உடனே பாலும் மோரும் பழச்சாறும் திரும்பி வந்தன. முத்தையா பருப்பைக் கரைத்துத் தருகிறேன் என்றார். தவிட்டை வறுத்துக் காய்ச்சி வடிகட்டுவதும் தனக்குத் தெரியும் என்றார். அருளம்மாள் எந்த வேளைக்கு எவ்வளவு தாங்கும் என்று சொன்னார். நான் என் கோட்டை எடுத்தேன். சின்ன டாக்டர் குழைந்த சோற்றைச் சொன்னார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லாம் எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயங்கள். கேட்டுக்கொண்டிருந்த மச்சான் கடைசியில், "நான் என்னமோ ஆஸ்பத்திரில ஆள் இல்லைனுல்ல நெனச்சேன்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் மேலிடத்து உத்தரவு வந்தது. டயட் கிளார்க்கின் சீட்டு முறை மிகவும் பாராட்டத்தக்கது. எல்லா வார்டுகளிலும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதன் நகலை வாங்கிப் போய்த் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் அக்காவும் ஒருத்தி.

நான் சில மாதங்களில் அந்த வேலையை விட்டுத் திருச்சிக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்தேன். நாலு பேர் தனித்தனியாகச் சொல்வதை ஒன்றாகச் சேர்த்து எழுதுவதற்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

மச்சான் பிழைத்தார். உடம்பு தேறியது, கால் தேறவில்லை. பாதம் தொங்கிப்போனதால் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி, எந்நேரமும் வாய்க்கால் தாண்டுகிறவர் மாதிரி நடந்தார். வரப்பில் அப்படி நடக்க முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். உழைத்துத் தின்ற மனிதர் முப்பத்தெட்டாவது வயதில் வீட்டில் உட்கார்ந்தார். அதற்காக அவர் என்னை ஒரு நாளும் ஏசவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தார். அதை வேடிக்கையாக்கினார்.

எந்த விருந்திலும் நான் வாளியோடு பரிமாற வந்தால், இலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். "இரு மாப்ளே, இரு. அஞ்சு கையெழுத்தும் ஆயிருச்சா?" என்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். நான் வாளியோடு நிற்பேன். "ஆயிருச்சு மச்சான்" என்று நான் சொன்னால்தான் கையை எடுப்பார். இருபத்தைந்து வருஷம், ஒரு விருந்து தவறாமல்.

மச்சான் இப்போது இல்லை. வேடிக்கை இருக்கிறது. அவருடைய பேரன் பேத்திகள், அவர்கள் கட்டிக்கொண்ட வீட்டார், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்கள்கூட, சோறு வரத் தாமதமானால் "அஞ்சு கையெழுத்து ஆகலையோ?" என்கிறார்கள். சர்க்கார் ஆபீசைப் பற்றிய கேலி என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அர்த்தம் கேட்பார்கள். உடனே எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். நான் சொல்வேன். சீட்டு, சிவப்பு மை, தலைப்பாகை அதிகாரி, "கெட்டித் தாளு" வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அந்த இடத்தில் சிரிப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அக்கா மட்டும் அந்த இடத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுவாள், இலையில் சோறு பாதி இருந்தாலும்.